கைப்பழக்கமும் நாப்பழக்கமும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத்தைப் பதினோரு ஆண்டுகளாகச் சொந்தக் காசில் தேநீர் கொடுத்துக் காப்பாற்றி வரும் அரிசி மண்டி அண்ணாச்சி அவர்களே, மின்விசிறி ஓடாத இந்த அறையிலும் முகம் சுளிக்காமல் பணியாற்றும் நூலகர் அவர்களே, எனக்குப் பிறகு கவிதை வாசிக்கக் காத்திருக்கும் தம்பி அவர்களே, முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன ஆண்டு கூட்டுறவு வங்கிச் செயலாளரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. செயலாளர் அவர்களே, வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. ஆனால் ஒவ்வொரு மேடையிலும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். என் வீட்டு அலமாரியில் அறுபத்திரண்டு பொன்னாடைகள் இருக்கின்றன. அந்தக் காசுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எதற்கு நோட்டு என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

'சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்' என்பது ஔவை வாக்கு. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தான் வாத்தியார் என் காதைத் திருகினார். எழுபது வயதில் தென்னாப்பிரிக்காவில் ஒரு பாறைக்கு முன்னால் நின்றபோதுதான் அதன் முழு அர்த்தமும் பிடிபட்டது.

நான்கு செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்தப் பாறையைப் பார்க்கப் போன கதை. இரண்டு, அதில் என்ன வரைந்திருக்கிறது. மூன்று, சாயம் எப்படிக் கூட்டினார்கள். நான்கு, அந்த நாட்டில் இவற்றைக் காக்கும் சட்டம். தலைவர் ஐயா அரைமணி நேரம் தந்திருக்கிறார். பார்ப்போம்.

என் தங்கை மகன் டர்பனில் வேலை பார்க்கிறான். டர்பன் என்றதும் உங்களுக்கு 1860 நினைவுக்கு வரவேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் அங்கே கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஊரில்தான் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு வீட்டில் எண்பது வயது அம்மா தேவாரம் பாடினார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பாடி முடித்துவிட்டு, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டர்பனிலிருந்து காரில் மேற்கே போனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். நிலையத்தில் இறங்கி ஒரு நிமிடம் நின்றோம். அதையும் தாண்டிப் போனால் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர். டிராகன் மலை என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர். சூலு மக்கள் உகஹ்லாம்பா என்கிறார்கள், ஈட்டிகளை வரிசையாக நட்டுவைத்த அரண் என்று பொருள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அந்த மலைப்பூங்கா 2000ஆம் ஆண்டிலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதற்குள் 600க்கும் மேற்பட்ட பாறை ஒதுக்குகள், அதாவது மழைக்கு ஒதுங்கி நிற்கலாம் போன்ற பாறைக் குடைவுகள், அவற்றில் 35,000க்கும் மேற்பட்ட உருவங்கள். அத்தனையும் சான் மக்கள் வரைந்தவை. 'புஷ்மேன்' என்று பழைய புத்தகங்களில் படித்திருப்பீர்கள், அவர்கள்தான். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தவர்கள். தென்னாப்பிரிக்க மண்ணின் மூத்த குடிகள்.

நாங்கள் போனது காம்பர்க் பகுதியில் உள்ள கேம் பாஸ் என்ற ஒதுக்குக்கு. போகிற வழியில் ரொசெட்டா என்று ஒரு சிற்றூர். எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அறிஞர்கள் கேம் பாஸ் ஓவியத்தைத்தான் 'சான் ஓவியங்களின் ரொசெட்டா கல்' என்கிறார்கள். யார் பொருத்தினார்களோ!

அங்கே தனியாகப் போக முடியாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூடவே வரவேண்டும். எங்களுக்கு வந்தவர் நாற்பது வயதிருக்கும் சூலு பெண்மணி. தலையில் துணித்தொப்பி, கையில் கம்பு. ஏறி இறங்க மூன்று மணி நேரம். புல் மலை, ஓடை, மறுபடி புல். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன், அந்த அம்மா தண்ணீர்க் குடம் தூக்கிப் போகிற மாதிரி நிமிர்ந்து போகிறார்.

என் மைத்துனரும் கூட வந்திருந்தார். நம் ஊர்க்காரர்தான், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொள்ளுங்கள் மாப்பிள்ளை! அவருக்குக் கல்வெட்டுப் பித்து. கோயில் கோயிலாகப் போவார். எழுத்து மங்கலாக இருந்தால் பாட்டில் தண்ணீரை அடித்துவிடுவார், ஈரத்தில் எழுத்து தெளியும் என்பார். பாறை ஒதுக்குக்கு வந்தோம். வானம் மூடியிருந்தது, வெளிச்சம் போதவில்லை. எனக்கு ஏதோ செம்மண் கறை மாதிரித்தான் தெரிந்தது. இவர் மெல்ல என் காதில், "மாமா, ஒரு கை தண்ணி அடிச்சா பளிச்சுனு தெரியும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மூடியைத் திருகிவிட்டார்.

அந்த அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். எப்படித்தான் தெரிந்ததோ! மூடி திருகிய சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பினார். ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எதிர் மலையில் மேய்ந்த மான் ஓடியது. நான் சொல்வதில் கொஞ்சம் மிகை இருக்கலாம், ஆனால் மைத்துனரின் கை நடுங்கி பாட்டில் கீழே விழுந்தது மிகையில்லை. விழுந்த பாட்டில் உருண்டு, சரிவில் துள்ளி, ஓடைப் பக்கம் போய்விட்டது. அந்த அம்மா கம்பால் அதைக் காட்டினார். போய் எடுத்து வா என்று அர்த்தம். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஊரில் நான்கு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற மனிதர், தவழ்ந்து இறங்கிப் போய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வந்தவரை அந்த அம்மா உட்காரச் சொன்னார். எங்களையும் உட்காரச் சொன்னார். பத்து நிமிடம் பாடம்.

அவர் சொன்னது இது. பாறைக்குள் உப்பு இருக்கிறது. தண்ணீர் அடித்தால் அந்த நேரத்துக்கு நிறம் தெளியும். காயும்போது உள்ளே இருக்கிற உப்பு மேலே வந்து ஓவியத்தின் மேல் வெள்ளையாகப் படியும். சாயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இப்படி ஆளாளுக்கு ஒரு கை தண்ணீர் அடித்தே எத்தனையோ ஓவியங்கள் போய்விட்டன. ஆடு மேய்ப்பவர் மூட்டிய தீயின் புகை, ஆடுகள் வந்து உரசியது, பேர் எழுதி வைத்தது, இதெல்லாம் வேறு கணக்கு. "நீங்கள் பார்க்க வந்தீர்கள், உங்கள் பேத்தியும் பார்க்க வரவேண்டாமா?" என்றார். மைத்துனர் அன்றிலிருந்து கல்வெட்டில் தண்ணீர் அடிப்பதில்லை. இதை அவரே சொல்லச் சொன்னார், அதனால்தான் சொன்னேன்.

பத்து நிமிடம் உட்கார்ந்ததில் கண் பழகிவிட்டது. மேகமும் விலகியது. கறை என்று நினைத்தது மானாக நின்றது.

ஈலாண்ட் என்ற மான். மான் என்றால் நம் புள்ளிமானை நினைக்காதீர்கள். மான் வகையிலேயே மிகப் பெரியது, முதிர்ந்த ஆண் 900 கிலோவரை வரும். தோளில் திமில் போல ஒரு மேடு, கழுத்தின் கீழே காளைக்கு இருப்பதுபோல அலைதாடி. அது நடக்கும்போது முன்னங்காலில் 'டிக் டிக்' என்று சத்தம் வரும் என்றார் வழிகாட்டி. ஓவியத்தில் அந்த மான் சாகிறது. தலை தாழ்ந்து தொங்குகிறது, பின்னங்கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கின்றன, மயிர் சிலிர்த்திருக்கிறது. வாலைப் பிடித்தபடி ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்கும் கால்கள் பின்னியிருக்கின்றன. கூர்ந்து பார்த்தால் அவனுக்குப் பாதம் இல்லை, குளம்பு இருக்கிறது.

செம்மண் நிறத்திலிருந்து வெள்ளைக்கு மாறுகிற இடத்தில் கோடு கிடையாது, நிறம் நிறத்துக்குள் கரைகிறது. அலைதாடியின் மடிப்பு தெரிகிறது. யாரோ ஒருவர் குந்தி உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார். சித்திரமும் கைப்பழக்கம். அந்தக் கைக்கு எத்தனை தலைமுறைப் பழக்கம் இருக்க வேண்டும்! அந்த மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வரைந்திருக்கிறார்கள். சில ஒதுக்குகளில் குதிரையும் துப்பாக்கியும்கூட இருக்கின்றன, வெள்ளையர் வந்த பிறகு வரைந்தவை.

சரி, ஒரு மனிதன் ஏன் மானோடு சேர்ந்து சாகிறான்? அவனுக்கு ஏன் குளம்பு? பாறையைப் பார்த்தால் தெரியாது. நூறு வருடம் பார்த்தாலும் தெரியாது. வெகுகாலம் இவற்றை 'வேட்டைக்காரர்கள் பொழுதுபோகாமல் கிறுக்கியது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடை வேறு இடத்தில் இருந்தது. கேப் டவுனில், நோட்டுப் புத்தகங்களில்.

இங்கேதான் உங்களிடம் ஒரு வேலை வாங்கப்போகிறேன். யாராவது துக்கமான சேதி சொன்னால் என்ன செய்வோம்? உச்சுக்கொட்டுவோம். எங்கே, எல்லோரும் ஒருமுறை உச்சுக்கொட்டுங்கள் பார்ப்போம். (அவை முழுவதும் உச்சுக்கொட்டியது.) பேரூராட்சித் தலைவர் அம்மாவும் கொட்டினார்கள், நன்றி. நமக்கு இது வெறும் சத்தம். சான் மொழிகளில் இது ஒரு மெய்யெழுத்து. உச்சுக்கொட்டி, உடனே தொண்டையைக் காறினாற்போல 'ஹம்' என்று சொன்னால் அது சான் மக்களில் ஒரு கூட்டத்தின் பெயர். அடுத்தது, வண்டிமாட்டை முடுக்க நாக்கைக் கடைவாய்ப் பக்கம் வைத்து இழுப்போமே, அதுவும் ஒரு எழுத்து. அந்தச் சத்தத்தோடு சேர்த்து 'கப்போ' என்று சொன்னால் அது ஒரு மனிதரின் பெயர். 'கனவு' என்று அர்த்தம்.

இந்தக் கப்போ ஹம் கூட்டத்தைச் சேர்ந்தவர், ஒரு கைதி. ஆடுமாடு திருடினார் என்று தண்டனை. அவர் மக்கள் வாழ்ந்த வறண்ட நிலத்தில் வெள்ளைக்காரப் பண்ணைகள் வந்து, வேட்டை விலங்கும் நீர்ச்சுனையும் கைமாறிப்போன காலம் அது. பசித்தவன் எதைத் தின்பான்? கேப் டவுன் துறைமுகத்துக் கைதி முகாமில் இருந்த அவரை, 1871இல் வில்ஹெல்ம் ப்ளீக் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் தன் வீட்டுக்கு அழைத்துவந்தார். ப்ளீக்கும் அவருடைய மனைவியின் சகோதரி லூசி லாயிடும் எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்கள். தண்டனைக் காலம் முடிந்தும் கப்போ ஊருக்குப் போகவில்லை. மனைவி மக்களை நினைத்து ஏங்கிக்கொண்டே இருந்து சொல்லிக்கொடுத்தார். தன் மக்களின் கதைகள் புத்தகமாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதை விரும்பினார். கதை என்பது தூரத்திலிருந்து காற்றுபோல மிதந்து வருவது என்றாராம்.

1875இல் ப்ளீக் இறந்துவிட்டார். லூசி லாயிட் விடவில்லை. கப்போவுக்குப் பின்னும் பலரை அழைத்து எழுதினார். மொத்தம் சுமார் 12,000 பக்கம். அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு 1911இல் அச்சாகும்போது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். அவர் படம் நம் நூலகச் சுவரில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நூலகர் கவனிக்க வேண்டும்.

அந்த நோட்டுகளில் ஒரு கதை. கும்பிடுபூச்சிதான் ஈலாண்டைப் படைத்ததாம். எதிலிருந்து? மருமகன் செருப்பிலிருந்து! மருமகனின் செருப்பை எடுத்துப்போய்க் கோரைப்புல் குட்டையில் போட்டது. அது மான்கன்றாக வளர்ந்தது. கும்பிடுபூச்சி தினமும் தேன் கொண்டுவந்து அதன் உடம்பில் தடவிவிடும். 'கிழவன் வீட்டுக்குத் தேனே கொண்டுவரவில்லையே' என்று பேரன் கீரி வேவு பார்த்தான். விஷயம் தெரிந்ததும் மருமகன் போய் மானைக் கொன்றுவிட்டான். கும்பிடுபூச்சி அழுதது. மானின் பித்தப்பையைக் குத்த, இருள் வந்து மூடிக்கொண்டது. தன் செருப்பைக் கழற்றி வானத்தில் எறிந்தது, அது நிலாவாயிற்று. ஒரு மானுக்காக அழுகிற கடவுள். இந்தக் கதை தெரிந்தபின் அந்தப் பாறைக்கு முன் நின்றால், அது வேட்டைப் படமாகத் தெரியுமா?

இன்னொன்று. 1873இல் ஜோசப் ஆர்ப்பென் என்ற அதிகாரிக்கு மலோட்டி மலையில் கிங் என்ற சான் இளைஞர் வழிகாட்டினார். அந்தப் பெயருக்கு முன்னாலும் இப்படி நாக்கால் போடும் ஒரு சத்தம் உண்டு. மான்தலை மனிதர்களின் ஓவியங்களைக் காட்டி இவர்கள் யார் என்று கேட்டதற்கு, அவர்கள் இறந்துபோய் இப்போது ஆறுகளில் வாழ்கிறவர்கள் என்றும், அந்த நடனங்களால் அப்படி ஆனவர்கள் என்றும் கிங் சொன்னார். இதையும் கேப் டவுன் நோட்டுகளையும் கலகாரிப் பாலைவனத்துச் சான் மக்கள் இன்றும் ஆடுகிற குணப்படுத்தும் நடனத்தையும் சேர்த்து வைத்துப் படித்தவர் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற தென்னாப்பிரிக்க அறிஞர். நம் ஊரில் சாமி வந்து ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். விடியவிடியக் கைதட்டிப் பாடி ஆடுகையில் வைத்தியருக்கு ஆவேசம் வரும், கால் தள்ளாடும், வியர்க்கும், சிலிர்க்கும், விழுவார். அதை அவர்கள் 'சாவு' என்றே சொன்னார்கள். சாகிற ஈலாண்டின் சக்தி அவருக்குள் ஏறுகிறது. குளம்புக்கால் மனிதன் யாரென்று இப்போது தெரிகிறதா? எல்லா ஆராய்ச்சியாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுப்பவர்களும் உண்டு. ஆனால் மறுப்பவரும் புரட்டுவது அதே நோட்டுகளைத்தான்.

மூன்றாவது, சாயம். சுருக்கமாக. செங்காவி, வெண்களிமண், கரி. 1930களில் லெசோதோவில் மப்போத்தே என்ற முதியவர் வரைந்து காட்டச் சம்மதித்தபோது, ஈலாண்டின் புது ரத்தம் வேண்டும், உறைந்தது ஆகாது என்றாராம். இதில் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சான் மக்களின் கைப்பழக்கம் பாறையில் நிலைத்தது. நாப்பழக்கம்? கப்போ பேசிய ஹம் மொழியை இன்று பேச ஒருவர்கூட இல்லை. தென்னாப்பிரிக்கா 2000ஆம் ஆண்டில் புதிய அரச முத்திரை வெளியிட்டது. நடுவில் இருக்கும் இரண்டு மனித உருவங்கள் ஒரு சான் பாறை ஓவியத்திலிருந்து எடுத்தவை. கீழே உள்ள வாசகம் ஹம் மொழி, வேறுபட்ட மக்கள் ஒன்றுபடுகிறார்கள் என்று பொருள். ஒரு நாட்டின் முத்திரை வாசகத்தைத் தாய்மொழியாகப் பேச ஆளில்லை! அதுவும் அந்த நோட்டுகள் இருந்ததால்தான் முத்திரைக்காவது வந்தது. அதற்கு நெருங்கிய உறவான நூ என்ற மொழியை, அப்பிங்டன் நகரில் கத்ரீனா எசாவ் என்ற மூதாட்டி தன் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். சரளமாகப் பேசத் தெரிந்த கடைசி ஆள் என்று அவரைத்தான் சொன்னார்கள். தேவாரம் பாடி என்னிடம் அர்த்தம் கேட்ட டர்பன் அம்மாவை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் மொழிக்கு அந்த நிலை இல்லை, வராது. நான் சொல்வது வேறு. உங்கள் வீட்டுப் பாட்டி நெல் வகைக்குச் சொல்லும் பெயர், மாட்டு நோய்க்குச் சொல்லும் பெயர், வயலின் மூலைமுடுக்குக்கெல்லாம் வைத்திருக்கும் பெயர், எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? என் அம்மா எனக்கு ஒரு தாலாட்டு பாடினார். எட்டு வரி. எனக்கு மூன்று வரிதான் நினைவிருக்கிறது. அம்மா போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. மீதி ஐந்து வரியை நான் எந்தப் பாறையில் போய்ப் பார்ப்பது?

அதனால்தான் நான்கு வருடமாக ஊர் ஊராக நோட்டு கேட்டு அலைகிறேன். கைப்பேசியில் பதிவு செய்யலாமே என்கிறார்கள். செய்யுங்கள். ஆனால் அந்தக் கைப்பேசி மூன்று வருடத்தில் தண்ணீரில் விழும். லூசி லாயிட் எழுதுவதற்கு ஒரு வழிமுறை வைத்திருந்தார், அதையே நானும் பின்பற்றச் சொல்கிறேன். விரித்த நோட்டின் வலப்பக்கம் சொன்னவர் சொன்னபடியே எழுத வேண்டும். கொச்சையைத் திருத்தக்கூடாது, 'வாழப்பளம்' என்றால் 'வாழப்பளம்'தான், பாட்டிக்கு இலக்கணம் சொல்லித்தரக் கூடாது! இடப்பக்கத்தை வெறுமனே விட்டுவையுங்கள். பிறகு சந்தேகம் வந்து கேட்டால், அந்த விளக்கத்தை அங்கே எழுதலாம். சொன்னவர் பெயர், தேதி, ஊர் மேலே இருக்கட்டும்.

நான்காவதாகச் சட்டம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அடுத்த ஆண்டு கூப்பிட்டால் சொல்கிறேன். கவிஞர் தம்பி தாளை மூன்றாவது தடவை மடித்துவிட்டார்.

அண்ணாச்சி தயவில் நூறு நோட்டு வந்திருக்கிறது, வாசல் மேசையில் அடுக்கியிருக்கிறேன். வீட்டுக்கு ஒன்றுதான், இரண்டு எடுக்காதீர்கள். போன தடவை நோட்டை வாங்கிப்போய் மளிகைக் கணக்கு எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும், இந்த அறையில்தான் இருக்கிறார். பேனா நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

வணக்கம்.